தரை தொடாத இளையபெருமாள்

குன்னத்து இளையபெருமாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து செவ்வாய்க்கிழமை காலை விழத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை தரைக்கு வந்து சேரவில்லை. பெரம்பலூரில் அந்த வாரம் மழை இல்லை, சின்ன வெங்காயம் விலை இறங்கியிருந்தது, முதியோர் வார்டில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார். தலை முன்னால் சாய்ந்து, வலது கை தரையைத் தேடி நீண்டபடி, பஞ்சு இறங்குவதைவிட மெதுவாக இறங்கினார். டாக்டர் குனிந்து நாடி பார்த்தார். விழுந்து முடித்ததும் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கட்டிலின் பக்கக் கம்பி இறங்கிக் கிடந்தது. அதை ஏற்றிவிட்டுத்தான் நகர்ந்ததாக நர்ஸ் பரிமளா சொன்னாள். டீ குடிக்கப் போயிருந்த மகன் வீரமணி நம்பவில்லை. "எங்கப்பா என்ன பலூனா சிஸ்டர், கம்பியத் தாண்டி தானாப் பறந்து வர?" என்றான். அவளும் அவனை நம்பவில்லை. கட்டிலடியில் பாய் போட்டுப் படுப்பவன், எழுந்து வரும்போது அவனே இறக்கியிருப்பான் என்று நினைத்தாள். மேனேஜர் பிரசாத் இருவரையும் நம்பவில்லை. கிழவர் தரையைத் தொட்டதும் விசாரணை, அன்றைக்கே பரிமளாவுக்கு வேலை போய்விடும் என்று கேன்டீன் வரை பேசிக்கொண்டார்கள். பூலாம்பாடியில் அவள் வீட்டுக்கு அந்த ஒரு சம்பளம்தான்.

ஒருவரும் அவரைத் தாங்கவில்லை. தொட்டால் தள்ளியவன் என்றாகிவிடுமோ என்று வீரமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பரிமளா ஒரு மெத்தையை இழுத்து வந்தபோது பிரசாத் தடுத்தார். "மெத்தை போட்டா தப்பு நம்மளுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சிஸ்டர்." மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. வார்டு அவரைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டது. கூட்டுகிறவர் அவருக்கு அடியிலும் துடைத்தார். கிழவர் கஞ்சியை ஸ்ட்ராவில் கொஞ்சமாகக் குடித்தார். யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியை மாட்டிவிடத்தான் இப்படித் தொங்குகிறார் என்று அவர்மேலும் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது, பரிமளா மண்டியிட்டு அவர் வாயருகே காதை வைத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க தாத்தா. கம்பிய யாரு எறக்குனது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

அவர் சுவரைப் பார்த்தார். "ஒண்ணுக்கு வந்துச்சு பாப்பா. பேத்தி வயசுப் புள்ளய எப்படிக் கூப்புடுறது? பையனும் இல்ல." குரலை இன்னும் தாழ்த்தி, "இன்னும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

வாசலில் பிரசாத், வீரமணி, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அதை உரக்கச் சொன்னால் போதும், வேலை தப்பிக்கும். பரிமளா சொல்லவில்லை. எல்லோரும் பார்க்க இரண்டு கைகளையும் அவருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். பருத்தி மூட்டையின் கனம்கூட இல்லை. கட்டிலில் சாய்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்தாள், யூரின் பாட்டிலை வீரமணி கையில் திணித்து உள்ளே அனுப்பிவிட்டு, தான் வெளியே வந்து நின்றாள்.

"தொட்டுட்டீங்களே" என்றார் பிரசாத். உள்ளே சத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. அதுவரை பிரசாத் யோசித்தார். கிழவர் தரையைத் தொடவே இல்லை. தொடாதவரை விழுந்தவர் என்று எப்படிச் சொல்வது? விசாரணை நடக்கவில்லை.

வீரமணி இன்றும் அவளைத்தான் சந்தேகப்படுகிறான். அவன் அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் ஏலாக்குறிச்சி சின்னம்மாள் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து விழத் தொடங்கினார். பரிமளா அவசரப்படாமல் திரைச்சீலையை இழுத்தாள், பெட்பேனை எடுத்து வைத்தாள், பிறகு அடியில் கை கொடுத்தாள்.