சிலுவையடியில் கூட்டிய பொடி

எனெய்தா உடும்புப் பிடிக்காரி என்று ஊரே சொல்லும். அதில் பாதி புகழ்ச்சி, பாதி எரிச்சல். இருபது வருஷமாக அவள் விடாமல் பிடித்திருந்தது கொல்லையில் நின்ற ஓர் எஸ்படான்யா மரத்தை. பார்த்தால் பனங்கன்று போலிருக்கும், ஆனால் பனை அல்ல. பூக்காது, குருத்து நடுவே கூம்பு விடும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அவளுடையது பெண்.

மே மாதச் சிலுவைத் திருவிழாவுக்கு ஊர் ஆண்கள் மலையேறி இந்த மரத்தின் ஓலைகளை வெட்டி முதுகில் சுமந்து வருவார்கள். சியாபாஸ் மலைநாட்டில் அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் நேர்த்திக்கடன். வெட்டி வெட்டி அடிவாரத்தை மொட்டையடித்தாகிவிட்டது. இப்போது செங்குத்துப் பாறைக்கு மேலேதான் மரம். அந்தப் பாறையிலிருந்து விழுந்துதான் அவள் புருஷன் அபெலினோ செத்தான். இந்த வருஷம் மகன் ருபெலியோ ஓலை வெட்டப் போனான். அப்பன் இறக்கிவைத்த சுமையை மகன் தூக்க வேண்டுமாம். நல்ல முறைதான், போங்கள்!

தன் கொல்லை ஓலையை எடுத்துக்கொள்ளச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். ஓலை வெட்டும் குழுவின் தலைவர் எர்மிலோ மசிகிற ஆளா? மலையிலிருந்து கஷ்டப்பட்டு வராத ஓலையைச் சிலுவை ஏற்காது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சரி, விதை எடுத்து வீட்டுக்கு வீடு கன்று கொடுத்துவிட்டு அப்புறம் உம்மைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

ஆனால் ஆண் மரம் பக்கத்தில் இல்லாமல் முளைக்கிற விதை ஏது? முன்பு ஒரு தடவை கூம்பு விட்டபோது ஊரைக் கூட்டிக் காட்டிப் பெருமையடித்தாள். பிறகு விதைகளைத் தண்ணீரில் போட்டால் அத்தனையும் மிதந்தன. எல்லாம் சொத்தை. அன்றைக்கு அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

அதனால் இந்தத் தடவை மகனிடம் சொல்லியனுப்பினாள், மகரந்தப் பொடி உதிர்கிற ஆண் கூம்பு ஒன்று கட்டாயம் வேண்டுமென்று. அவன் கைகால் முழுசாகத் திரும்பி வந்தான். கூம்பும் வந்தது, ஓலைச் சுமையோடு நேரே கோயிலுக்கு. அதே காலையில் கொல்லைக் கூம்பும் பொடி ஏற்கும் பதத்தில் செதில் விலகி வாய் திறந்திருந்தது. கூம்பை வாங்கக் கோயிலுக்கு ஓடினால், எர்மிலோ குறுக்கே நின்றார். மலையிலிருந்து இறங்கியது எதுவானாலும் திருவிழா முடியும்வரை சிலுவையடியில்தான் கிடக்க வேண்டும். அதற்குள் கொல்லையில் செதில் மூடிவிடும்.

மகன் முகத்தில் ஈயாடவில்லை. திருடிக்கொண்டு வரட்டுமா என்று அவள் காதோரம் கிசுகிசுத்தான். அவள் தலையாட்டி மறுத்துவிட்டுக் கூம்பையே பார்த்தாள். வெயில் சூட்டில் அது மஞ்சள் பொடியைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கோயிலைக் கூட்டுறது யார் வேலை?"

"பொம்பளைங்க வேலை. இது என்ன கேள்வி?"

"கூட்டின குப்பை யாருக்கு?"

எர்மிலோவுக்குப் புரிந்துவிட்டது. குப்பையைச் சிலுவையடியில் வைக்கச் சொல்லி எந்தப் பாட்டனும் சொல்லி வைக்கவில்லை. அவள் சின்னத் துடைப்பத்தால் மெல்லக் கூட்டி, சால்வை முனையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினாள். நாணல் குழாயில் அந்தப் பொடியை அடைத்து, செதில் இடுக்குகளில் வாயால் ஊதினாள். மறுநாளும் கூட்டப் போனாள். கோயில் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று பெண்கள் கேலி பேசினார்கள்.

கூம்பு முற்றி உதிர மாதக்கணக்காயிற்று. வாளித் தண்ணீரில் விதைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். முதலில் போட்டது மிதந்தது. பாழாய்ப் போனது போ என்று அடுத்ததைப் போட்டாள். முழுகியது. அதற்கடுத்ததும். கடைசியில் வாளியின் அடி தெரியவில்லை. மகனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

செய்தி பரவி எர்மிலோவே வந்தார். தன் வீட்டு வாசலில் வைக்கத் தனக்கும் ஒரு கன்று வேண்டும் என்றார். வீடு வீடாகக் கொடுக்கத்தான் அவளும் நினைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் புத்தி வேறு பக்கம் ஓடியது.

"வீட்டுக்குக் கிடையாதுண்ணே. மலையில இருந்து வந்தாத்தான் ஓலைன்னு சொன்னது நீங்க. முளைச்சதும் ஆளுக்கொரு கூடை சுமந்துட்டுப் போயி, பாறைக்குக் கீழேயே நட்டு வையுங்க."

"அது வெட்டுற பதத்துக்கு வர்றப்ப நான் உசிரோட இருக்க மாட்டேனேம்மா."

"நீங்க இருக்க வேணாம். எம்மவன் இருக்கணும்."

கன்று முளைத்ததும் முதல் கூடையை எர்மிலோவே முதுகில் ஏற்றிக்கொண்டார்.