பளுவான முனையைப் பிடித்தவன்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது என்றால் அது பொய். ஒரு படத்துக்குக் கீழே கிடந்த ஒற்றை வரியிலிருந்து எடுத்தேன். வேலை தேடுகிறவர்களும், வேலையில் இருப்பதைக் காட்டிக்கொள்கிறவர்களும் கூடுகிற இணையதளம் ஒன்றில் யாரோ ஒரு பெண் ஒரு வரைபடம் போட்டிருந்தாள். ஏதோ கிடங்கின் தொழிலாளிகள் எல்லோரும் அதில் புள்ளிகளாக இருந்தார்கள். ஓடி ஓடி உழைப்பவன் பச்சை. சும்மா நிற்பவன் சிவப்பு. மேலே தலைப்பு: 'தொலைந்த நேரத்தை நான் கண்டுபிடித்த கதை.' கீழே பெரிய பதவிக்காரர்கள் வரிசையாகப் பாராட்டியிருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஒருவன் எழுதியிருந்தான்: 'சூப்பர் தங்கச்சி.' அவனுடைய முகப்புப் படத்தில் முகம் இல்லை. அடுக்கிய பெட்டிகள் இருந்தன.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதி நான் கட்டியது. (ஜோடித்தது என்று நீங்கள் சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தரவுகளின் கடலில் அவள் ஒரு முத்துக்குளிப்ப'

அடித்துவிட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் கடல், முத்து என்று ஆரம்பித்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயப்படுகிறான் என்று அர்த்தம்.

அடுத்தது: 'அவள் கெட்டவள். அண்ணன் முதுகில் ஏறி'

இதுவும் பாதியில் நின்றது. கெட்டவளாக இருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் கெட்டவளுக்கு எவன் 'சூப்பர் தங்கச்சி' என்று எழுதுவான்? (எழுதுவான். அண்ணன்கள் எழுதுவார்கள். ஆனாலும்.)

ஆகவே மூன்றாவது தொடக்கம், அலங்காரம் இல்லாமல். அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் குடியிருக்கிறார்கள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை. அவன் கீழே பெட்டி தூக்குகிறான். அவள் மாடியில், கண்ணாடி அறையில், தரவுப் பகுப்பாய்வாளர். கீழே நடக்கிற வேலையை எண்ணாக்கி, எண்ணைப் படமாக்கி, மேலாளருக்குக் கொடுப்பது அவள் வேலை. அவளைப் படிக்க வைத்தது அவன் தோள்.

3

வேலை இருந்தால் போதாது, பெயர் வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அதே மென்பொருளைத் தட்டுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். உன்னை எதற்காக ஒருவன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? அதனால் வாரம் தவறாமல் ஒரு பதிவு, ஒரு வீடியோ. பின்னணிக்கு வெள்ளைப் போர்வை. வெளிச்சத்துக்கு அண்ணன். வேலை முடிந்து வந்தவன் ஸ்டூல் மேல் ஏறி டார்ச் பிடித்து நிற்பான்.

"வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பேசப்போறது வீணாகுற நேரத்தைப் பத்தி... கை ஆடுது ண்ணா."

"ஆடாம? காலையிலருந்து தூக்குன கைடி இது."

"பேசாத. உன் குரல் விழுது."

"விழட்டுமே. லைட் யாரு பிடிக்கிறான்னு உன் ஆளுங்களுக்கும் தெரியட்டும்."

"கடைசியில பேர் போடறேன். ஒளி அமைப்பு: எருமை."

"எருமைக்குத் தீனி யாரு போடுவா, மகாராணி?"

அவள் சிரித்துவிட்டாள். மறுபடி வணக்கம் நண்பர்களேயிலிருந்து.

(இந்தக் காட்சியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கதை இதில்லாமலும் நகரும். ஆனால் இது இல்லையென்றால், பின்னால் வரப்போவது வெறும் கணக்குப் பிழையாகத் தெரியும்.)

4

இனி கொஞ்சம் தொழிலைச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிடங்கில் ஆளுக்கொரு ஸ்கேனர். பெட்டியைத் தூக்குமுன் அதன் மேல் காட்டினால் 'பீப்' என்று ஒலிக்கும். பெட்டி அவன் கணக்கில் ஏறும். ஒரு பீப்புக்கும் அடுத்த பீப்புக்கும் நடுவில் நேரம் நீண்டால், அவன் சும்மா நிற்கிறான் என்று பொருள். சின்னப் பெட்டிக்கு இது சரி. பெரிய பெட்டியை இருவர் சேர்ந்துதான் தூக்க முடியும். ஆனால் ஒரு பெட்டிக்கு ஒரு பீப்தான். தூக்குவது இரண்டு பேர். கணக்கில் ஏறுவது ஒருவன்.

இது அவளுக்குத் தெரியாதா? முதல் வரைவில் தெரியாது என்று எழுதிவிட்டு, எனக்கே கூசியது. அண்ணன் முதுகுக்குத் தைலம் தேய்க்கிறவளுக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? தெரியும். மாற்றி மாற்றித்தானே ஸ்கேன் செய்வார்கள், மாதக் கடைசியில் தானாகச் சமமாகிவிடும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாள். யாரையும் கேட்கவில்லை. படம் அழகாக வந்தது. பதிவு தீயாய்ப் பரவியது. அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஒரு மாநாட்டு மேடைக்கு அழைப்பு வந்தது.

பிறகு மேலாளர் கூப்பிட்டார்.

"பிரமாதம்மா. சிவப்புல இருக்கிறவங்களை இந்த வாரமே வேலையை விட்டு அனுப்பிடச் சொல்லிட்டாங்க. படத்துல வெறும் எண்தானே இருக்கு, ஆளோட பேரைச் சேர்த்துக் கொடுத்துடுங்க. 'கணக்கு சரி'ன்னு கீழ ஒரு வரி, உங்க பேரு போட்டு."

"என் பேரா சார்?"

"உங்க கண்டுபிடிப்புதானே? உலகமே பாராட்டுது. பகுப்பாய்வுப் பிரிவுக்குத் தலைமை இடம் காலியா இருக்கு, தெரியும்ல?"

பெயர்களைச் சேர்த்தாள். சிவப்பிலேயே சிவப்பாக, மூலையில் தனியாக நின்ற புள்ளி அண்ணன். பச்சையிலேயே பச்சை, அண்ணனோடு ஜோடி சேர்ந்து தூக்குகிற ரேடியோ.

5

ரேடியோ பட்டப்பெயர். வாயை மூடாத மனிதர். அதனால் அந்தப் பெயர். அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவள் அண்ணனைக் கேட்டாள்.

"ண்ணா, ரேடியோ மாமாவோட தூக்கும்போது ஸ்கேன் பண்றது யாரு?"

"அவர்தான்."

"மாத்தி மாத்தி இல்லையா?"

"எங்க மாத்துறது? அந்த மனுஷனுக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆகியிருக்கு. மேல தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவானுங்க. அதான், பளுவான முனை எனக்கு, பீப் அவருக்கு. ஒரு கை சும்மா கொடுப்பாரு, மீதியை வாயால தூக்குவாரு."

"உன் கணக்கு குறையுமே ண்ணா."

"குறைஞ்சா குறையட்டும். மேல என் தங்கச்சி இல்ல?"

(கடைசி வரி சினிமாத்தனமாக இருக்கிறது என்றார் இதைப் படித்த நண்பர் ஒருவர். எனக்கும் தெரிகிறது. ஆனால் அவனை வேறு எப்படிப் பேச வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.)

6

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அண்ணன் தப்பிக்கிறான். "அப்போ அந்தப் பச்சைக்காரன் எப்படிப் பச்சையானான்?" என்று மேலாளர் கேட்கிறார். கேட்காமல் விட அவர் முட்டாள் இல்லை. ரேடியோவை அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு அண்ணன் டார்ச் பிடிக்க ஸ்டூல் ஏறுவதில்லை.

வாயே திறக்காமல் பெயரைப் போடுகிறாள். அண்ணன் வீட்டில் உட்காருகிறான். அவள் தலைவியாகிறாள். "நான் இருக்கேன்ல, உன்னைப் பார்த்துக்க மாட்டேனா?" என்கிறாள். இந்த முடிவை எழுத எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அதனால்தான் பயந்து நிறுத்தினேன்.

கணக்கில் கைவைத்து இரண்டு புள்ளிகளையும் நடுவில் நகர்த்துகிறாள். மூலை காலியாக இருக்குமா? அடுத்தவன் வந்து நிற்கிறான். அவனும் யாருக்காகப் பளுவான முனையைப் பிடித்தானோ, அதை

கடைசியாக ஒன்று. 'என் தவறிலிருந்து நான் கற்றது' என்று ஒரு பதிவு போடுகிறாள். முதல் பதிவைவிட இது அதிகம் பரவுகிறது. என்ன நேர்மை, என்ன துணிச்சல் என்று கீழே கைதட்டல். இரண்டாவது மேடைக்கு அழைப்பு. பதிவைப் படித்துவிட்டு அண்ணனை மன்னித்து ரேடியோவை அனுப்புகிறார்கள். இல்லை, இருவரையும் அனுப்புகிறார்கள், ஏமாற்றினார்கள் என்று. "இதையே வைங்க, நல்லா எடுபடும்" என்றார் நண்பர். எடுபடும் என்ற சொல் காதில் விழுந்ததும் அடித்துவிட்டேன். அவளும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதானே இதுவரைக்கும் வந்தாள்? நானும் இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது, முகம் நன்றாக விழுந்த புகைப்படம் ஒன்றைச் சேர்த்துத்தான் அனுப்புவேன்.

7

மறுநாள் சாயங்காலம். அவள் மடியில் கணினி. 'கணக்கு சரி' என்று தட்டிவிட்டாள். பெயர் போடவில்லை. மேலாளர் காத்திருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தான், கையில் போன்.

"ஏய், உன் படத்தை இன்னைக்கு எல்லாருக்கும் காட்டினேன். இதுல நாம எங்கடான்னு ரேடியோ ஒரே நச்சரிப்பு. சொல்லு பார்ப்போம்."

"வெறும் எண்தான் ண்ணா. பேரெல்லாம் கிடையாது."

"போட்டவளுக்கே தெரியாதா? கதை அவுத்து விடாத. அவரு எது?"

அவள் உச்சியிலிருந்த பச்சைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

"பார்றா! இவ்ளோ உசரத்துலயா?" அவன் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். தன் தோளிலிருந்தே ஏதோ இறங்கியது போல மூச்சு விட்டான். "அப்பாடா. இனிமே அந்த மனுஷனை ஒருத்தனும் அசைக்க முடியாது." சிரிப்பு அடங்கவில்லை. காய்ப்பேறிய விரல்களால் படத்தை விரித்து, பச்சைகளுக்கு நடுவில் தேடிக்கொண்டே கேட்டான்: "சரி, நான் எங்க இருக்கேன்?"

என்னால் இதற்கு மேல் நகர முடியவில்லை. அவள் விரல் திரைக்கு மேல் நிற்கிறது. இவ்வளவு தூரம் தூக்கி வந்துவிட்டேன். ஒரே ஆளாய் இறக்கி வைக்கிற பெட்டி இல்லை இது. அந்த முனையை நீங்கள் பிடியுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.

அவன் இன்னும் பச்சையிலேயே தேடிக்கொண்டிருக்கிறான்.