விருச்சிகத்தார் வந்த கல்யாணம்

பூதப்பாண்டி சொர்ணம்மாளின் மகள் சபிதாவின் கல்யாணத்துக்குத் தேள்கள் குடும்பத்தோடு வந்திருந்தன. அழைக்காமல் வந்தவை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொர்ணம்மாளே முறைப்படி அழைத்தவைதான். ஊர் வழக்கப்படி வீடு வீடாக ஏறி, குங்குமம் கொடுத்து, பத்திரிகை வைத்து, ஒரே வாசகத்தைச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு அந்தத் தடத்திலேயே ஓடப் பழகியிருந்தது. கடைசி வீட்டையும் முடித்துத் திரும்பியவள் வெந்நீர் அடுப்புக்குத் தென்னைமட்டை எடுக்கக் குனிந்தாள். கருந்தேள் ஒன்று கொடுக்கைத் தூக்கிக்கொண்டு எதிரே நின்றது. வேறு யாராயிருந்தாலும் விளக்குமாற்றைத் தேடியிருப்பார்கள். சொர்ணம்மாளோ, "எல்லாரையும் கூட்டீட்டு முன்னாலயே வந்திரணும், கேட்டியளா? சொல்லலைன்னு ஆரும் வருத்தப்படப்பிடாது" என்றாள். மீந்திருந்த பத்திரிகையையும் அதன் முன்னால் வைத்த பிறகுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது. தேள் கொடுக்கை மரியாதையாக இறக்கிக்கொண்டது.

மனிதர்கள் எல்லாரையும் கூட்டி வா என்றால் பாதிப்பேரைத்தான் கூட்டி வருவார்கள். தேளுக்கு அந்தக் கள்ளத்தனம் கிடையாது. முதலில் செந்தேள்கள், பின்னால் பெரியப்பாவின் கம்பீரத்தோடு நட்டுவாக்காலிகள். குஞ்சுகளை முதுகில் சுமந்துவந்த தாய்மார்களுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. ரத்த உறவு முடிந்ததும் பெயரால் உறவு கொண்டாடுபவை வந்தன. தேள்கொடுக்குச் செடி வாசலின் இருபுறமும் பூத்து நின்றது. வயல் ஓடையிலிருந்து தேளி மீன்கள் மழைத்தண்ணீரில் ஏறிவர, அவற்றை அண்டாவில் உட்காரவைத்தார்கள். தண்ணீர்த்தேள்கள் கிணற்று வாளியே போதும் என்று அடக்கமாக இருந்துவிட்டன. கன்னியாகுமரியிலிருந்து மீன்காரர் ஜஸ்டஸ் ஸ்கூட்டரில் ஒரு தேள்மீனைக் கொண்டுவந்து இறக்கினார். "வலையில ஏறினதுலேருந்து வடக்கப் பாத்தே கெடந்து, அக்கா. கல்யாணம்னு இப்பதான் தெரியும்" என்றார். கடைசியாக விருச்சிக ராசியின் நட்சத்திரங்கள் இறங்கி, பட்டப்பகலில் பந்தல் மூங்கிலில் வரிசையாகத் தொங்கின. லைட் செட்காரர் அவற்றையும் தன்னுடையவை என்றே சொல்லிக்கொண்டார்.

மாப்பிள்ளை ராஜகுமாரின் தாய் பூங்கனி வேன் கதவில் கைவைத்தபடி இறங்காமல் நின்றுவிட்டாள். முன்வரிசை நாற்காலி அத்தனையிலும் கொடுக்குகள்.

"மைனி, அதுகள வெளிய விடுங்க. இல்லேன்னா நாங்க வண்டியத் திருப்பிருவோம்."

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. மகள் அலங்காரத்தோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவை கிளம்பிவிடும், அவ்வளவு மானஸ்தர்கள். சொர்ணம்மாள் முன்வரிசையைப் பார்த்தாள். கருந்தேள் அந்தப் பத்திரிகையை மடங்காமல் மடியில் வைத்திருந்தது.

"எனக்க மவ கல்யாணம் நின்னா நான் செத்திருவேன், மைனி. ஆனா அழைச்சது நான். வந்து உக்காந்தவங்கள எழுப்பிவிட எனக்கு வாய் வராது."

சொல்லிவிட்டு அழுதாள். பூங்கனி வேனிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"கல்யாணம் முடிஞ்சா எனக்க மவன் துபாய்க்குப் போயிருவான். வீட்டுல நானும் உங்க மவளுந்தான். தேளையே எறக்கிவிடாதவ வளத்த பிள்ள, என்னைய எறக்கிவிடுவாளா?" என்றவள், பின்னால் திரும்பி, "ஏலே, எல்லாரும் எறங்குங்க" என்றாள்.

தாலி கட்டும்போது குலவையோடு கொடுக்குகளும் உயர்ந்தன. முதல் பந்தியில் கருந்தேளுக்குப் பக்கத்து இலை பூங்கனிக்கு விழுந்தது. அது வாலைச் சுருட்டி இடம் விட்டது. அவள் தன் பப்படத்தில் பாதியை ஒடித்து அதன் இலையில் வைத்தாள். அடைப்பிரதமன் பாயசம்தான் கடைசிப் பந்திக்குப் பற்றவில்லை.