ஸ்டென்ஹெலெயில் ஆமாம் கெட்டிப்பட்ட கோடை

மூஸ் மான் வேட்டை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது ஸ்டென்ஹெலெ வேட்டைக் குழுவில் ஒருவராலும் ஆமாம் சொல்ல முடியாமல் போனது. இல்லை மட்டும் தாராளமாக வந்தது. சுவீடனின் அந்த வடக்குப் பக்கத்தில் ஆமாமை வாய்விட்டுச் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து, சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல ஒரு மூச்சை உள்ளே இழுப்பார்கள். "ஷுப்" என்று சத்தம் கேட்கும், பேச்சு முடிந்தது. நிலமும் கல்யாணமும் அந்த மூச்சில்தான் முடிவாகும். வாய்விட்டுச் சொல்லும் ஆமாம் தெற்கத்திச் சரக்கு, அதை நம்பி யாரும் ஒரு கோழியைக்கூடக் கொடுக்கமாட்டார்கள். இப்போது இழுத்த மூச்சு தொண்டையில் இடித்துக்கொண்டு நின்றது. தலையாட்டவும் கழுத்து வளையவில்லை. வட்டாரச் செவிலி வந்து ஒவ்வொருவர் கழுத்தையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, பாத்திரச் சத்தம் வருகிறது, காய்ச்சல் இல்லை என்று சொல்லிப் போனாள்.

மற்றவர்களுக்கு இது தொந்தரவு, குழுவில் ஒருவனான எவர்ட்டுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் மைகன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவளாகக் கேட்கட்டும் என்று அவன் பல வருடம் காத்திருந்த கேள்வி. "என் வீட்டுக்கே வந்துடறியா, எவர்ட்? வேட்டை ஆரம்பிக்கிறதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா வீட்ட வித்துட்டு உமியோ டவுனுல தங்கச்சிகிட்டப் போயிடறேன்." எவர்ட் முகம் சிவக்க மூச்சை இழுத்தான். ஒன்றும் வரவில்லை. அவள் அந்த ஊர் வழக்கப்படி காப்பிக்குள் போட்டு ஊறிய பாலாடைக்கட்டித் துண்டுகளைக் கரண்டியால் எடுத்துத் தின்றுவிட்டுப் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எவர்ட்டின் துணி துவைக்கும் அறையில்தான் குழுவினர் தங்கள் தோட்டாக்களை மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூடு குப்பையல்ல. வெடிக்கும்போது விரிந்த அதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி சுடலாம். அப்படிச் சுற்றிச் சுற்றிப் பல வருடம் ஓடிய கூடுகள் அவை. மைகன் போன மறுநாள் எவர்ட் தன் கூடு ஒன்றை அச்சில் ஏற்றினான். அது கிறீச்சிட்டது, அவன் கழுத்தும் கூடவே கிறீச்சிட்டது. குழுவிலிருந்த ஸிக்ஸ்டனின் கூடு ஒன்றை எடுத்தான், குண்டைக் கவ்விப் பிடிக்கும் அதன் கழுத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்த ஸிக்ஸ்டன் வணக்கம் சொன்னபோது தொண்டையிலிருந்து ஒரு விசிலும் சேர்ந்து வந்தது.

"என் கழுத்துல என்னடா பண்ணினே?" என்றான் ஸிக்ஸ்டன், விசிலோடு.

எவர்ட்டுக்கு விளங்கிவிட்டது. பித்தளை விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட கழுத்து குண்டைச் சரியாகப் பிடிக்காது, கடைசியில் கீறும். கூட்டின் கழுத்துக்கு என்னவோ அதுதான் கூட்டுக்காரன் கழுத்துக்கும். எவர்ட் இதைச் சொன்னபோது ஸிக்ஸ்டன் சந்தேகிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு தாமதம் என்று மட்டும் கேட்டான்.

கெட்டிப்பட்டதை இளக்க நெருப்பு வேண்டும். எவர்ட் ஓய்வுபெற்ற வெல்டர், ஆயுள் முழுக்க இரும்போடு இருந்தவன். எஃகைச் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் போட்டால் உறுதியாகும் என்பது அவன் கைக்குத் தெரியும். ஒவ்வொருவர் பெட்டியிலிருந்தும் ஒரு பிடி வெற்றுக் கூடுகளை எடுத்து, அடியிலிருந்து வாய்வரை சிவக்கக் காய்ச்சி, தண்ணீர் பட்டால் வேண்டிய உறுதி திரும்பிவிடும் என்று வாளியில் போட்டான். அங்கேதான் தவறினான். பித்தளை எஃகல்ல, சூட்டில் இளகியது தண்ணீர் பட்டாலும் இளகியதுதான். அன்று மாலை முதல் குழுவினர் எல்லாவற்றுக்கும் ஷுப் என்றார்கள். ஹில்டிங் தன் டிராக்டரை யாரென்றே தெரியாத ஒருவனுக்கு இரவல் கொடுத்தான். ஸிக்ஸ்டன் வாசலுக்கு வந்த விற்பனையாளனிடம் அடுத்தடுத்து வேக்குவம் கிளீனர்கள் வாங்கினான். அவன் வீட்டில் கம்பளமே கிடையாது. மறுநாள் எவர்ட் ஓடிப்போய் மைகன் முன் நின்று அழகாக மூச்சை இழுத்தான்.

அவள் அசையவில்லை. "நேத்து பாதிரியார்கிட்ட கோரஸ்ல பாடறேன்னு ஒத்துக்கிட்டியாமே? நீ பாடி நான் கேட்டிருக்கேன்டா. மாட்டேன்னு சொல்லத் தெரியாதவனோட ஆமாம் எனக்கெதுக்கு?"

எவர்ட் திரும்பி வந்து கூட்டின் அடியைப் பார்த்தான். வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த அடிதான். அது கெட்டியாகவே இருக்கவேண்டும். இளகிய அடியோடு சுட்டால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். மாட்டேன் என்பது அடியில் இருக்கிறது, ஆமாம் கழுத்தில் இருக்கிறது, அவன் இரண்டையும் சேர்த்து வேகவைத்துவிட்டான். கெட்டுப்போன கூடுகளைச் சுத்தியலால் நசுக்கிப் பழைய உலோகத்தில் போட்டான். குழுவினர் பெட்டியில் மிச்சமிருந்த கூடுகளைப் போலவே மறுபடி விறைத்துக்கொண்டார்கள். பிறகு மேசையை நன்றாகத் துடைத்து, மருந்து டப்பாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்து, கோடை வெளிச்சம் நுழையாமல் ஜன்னலில் கம்பளி கட்டி, வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தான். வேலை முடிந்ததும் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனான்.

மைகன் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "உன் நாயை என் தங்கச்சிக்குக் குடுத்துடலாமா?"

"மாட்டேன்."

"பஸ்ஸை நீ கழுவறியா?"

"இன்னிக்கு இல்ல."

"இங்க வந்துடறியா?"

ஷுப். ஏரிக்கு மறுகரையில் ஸிக்ஸ்டனின் காதிலும் விழுந்ததாம், அவ்வளவு சுத்தமான மூச்சு.

அதிலிருந்து ஸ்டென்ஹெலெயில் நாலைந்து முறை சுட்ட கூடுகளை வேட்டைக்கு முன் ஒருநாள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பதப்படுத்துகிறார்கள். கீறல் விட்டதை எறிந்துவிட வேண்டும். வெற்றுக் கூட்டின் அடியை வெறும் விரலில் பிடித்து, கழுத்தை மட்டும் சுடரின் நுனியில் சுழற்ற வேண்டும். இருட்டில் சிவப்பு தொடங்குகிறதோ என்று சந்தேகம் வரும்போதே எடுத்துவிட வேண்டும். சூடு விரலுக்கு இறங்கினால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அது உறுதிக்காக அல்ல, சூடு அடிக்குப் போகாமலிருக்க. கழுத்து இளகவேண்டும், அடி கெட்டியாக இருக்கவேண்டும்.