அடுப்புப் பக்கத்து மைக்

"உங்க வீட்டுக்காரரை அல்சீட் அடுப்புல வெச்சுட்டான்!" என்று திங்கட்கிழமை காலை எதிர்வீட்டு வெர்டி மூச்சிரைக்க வந்து சொன்னபோது, எர்லீன் நம்பிவிட்டாள். வீட்டுக்காரர் தியோஃபீல் செத்து ஒன்பது வருடம் ஆகிவிட்டதே என்ற யோசனை அவளுக்கு வரவே இல்லை. மைத்துனன் அல்சீட் செய்தான் என்றால் எதையும் நம்பலாம்.

எழுபத்தொன்பது வயதில் டுமெய்ன் தெருவை அவள் கடந்த வேகம் இருக்கிறதே, எதிரே வந்த பேருந்து தானாகவே பின்னால் நகர்ந்து வழிவிட்டது. ஓட்டுநர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பயணிகள் முப்பது பேர் சாட்சி.

பேட்டைச் சங்கத்துக் கூடத்தில் மேசைமேல் ஒரு வட்டப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வாழைப்பழம், ஆப்பிள் வில்லைகளைக் காயவைக்கிற மின்சாரப் பெட்டி. அதன் தட்டுகளில் பழத்துக்குப் பதில் தியோஃபீலின் கிளாரினெட்டைப் பதிந்த ஸ்பூல் டேப்புகள் படுத்திருந்தன. பக்கத்தில் லாமார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐம்பது வயதுக்காரன், ஒரு காலத்தில் வானொலியில் ஒலிப்பதிவு பார்த்தவன். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, சங்கத் தலைவருக்கான மஞ்சள் தொப்பியுடன் அல்சீட். டிரம் அடிப்பவன். எழுபத்தாறு வயது. எர்லீனைப் பார்த்ததும் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் போட்டுக்கொண்டான்.

"திருட்டுப்பயலே, என் டேப்பைச் சுடுறியா?"

"வா எர்லீன். பதினோரு வருஷம் கழிச்சுப் பேசறே. முதல் வார்த்தையே முத்தா இருக்கு."

பதினோரு வருடக் கதை சுருக்கமானது. புயலுக்கு ஒரு வாரம் முன்னால், கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று அண்ணனிடமிருந்து டேப் பெட்டியை வாங்கிப்போனான் அல்சீட். புயல் வந்தது. எர்லீன் வீட்டில் தண்ணீர் விளக்கு மாட்டும் கொக்கிவரை நின்றது. பியானோ மிதந்து அடுத்த தெருவில் ஒரு சிவப்பு விளக்குக்கு மரியாதை கொடுத்து நின்றதாகச் சொல்வார்கள். கல்யாணப் படம் முதல் கரண்டி வரை எல்லாம் சேறு. அல்சீட்டின் மாடியில் இருந்த பெட்டிக்கு மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. "நான் காப்பாத்தினேன்" என்றான் அவன். "நீ திருப்பித் தரலை" என்றாள் அவள். இரண்டும் உண்மை என்பதால் சண்டை தீரவே வழியில்லாமல் போயிற்று.

"மிஸ் எர்லீன், பயப்படாதீங்க" என்றான் லாமார். "அந்தக் காலத்து டேப்புல பசை ஈரம் குடிச்சுப் பிசுபிசுன்னு ஆயிடும். அப்படியே ஓட்டினா பாட்டெல்லாம் பொடியா உரிஞ்சு மெஷின்ல ஒட்டிக்கும். இளஞ்சூட்டுல எட்டு மணி நேரம் வெச்சா பசை இறுகும். அப்புறம் ரெண்டு மூணு வாரம் ஓடும். அதுக்குள்ள பிரதி எடுத்துடணும். மறுபடி சுட்டா தாங்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"முதல் தட்டு நேத்தே வெந்தாச்சு" என்றான் அல்சீட். "இன்னிக்கு மத்தியானம் சங்கத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டப்போறேன். ஓடறப்பவே பிரதி. பேட்டைல வீட்டுக்கு ஒண்ணு, சும்மாவே."

அந்த டேப்புகளில் என்ன இருக்கிறது என்று எர்லீனுக்குத் தெரியாதா? வாரம் முழுக்கக் கச்சேரியில் ஊதுகிற தியோஃபீலுக்குத் திங்கட்கிழமை ஓய்வு. திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸ். காலையில் ஏற்றினால் சாயங்காலம் வரை அடுப்பை விட்டு நகர முடியாது. அவள் கிளறுவாள், அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து கிளாரினெட் வாசிப்பான், அல்சீட் வந்து டிரம்முக்குப் பதில் ஒரு பழைய சூட்கேஸைக் கம்பிப் புருசால் தட்டுவான். மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். அவளும் திட்டிக்கொண்டே இருப்பாள். பதினாறு வருடத் திங்கட்கிழமைகளின் வசவு. போதகர் மனைவி காதில் விழுந்தால் கோயில் கூரை பிய்ந்துகொண்டு போகும்.

"என் குரலைப் போட்டு என்னைப் பார்த்து ஊரே சிரிக்க வைக்கப் பார்க்கறியா?"

அல்சீட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "கவலையை விடு. உன்னை அதுலேருந்து எடுத்தாச்சு."

"என்னது?"

"அண்ணன் ரெண்டு மைக் வெச்சிருந்தான். ஒண்ணு மேசைல. இன்னொண்ணு அடுப்புக்கு மேல அலமாரில. ரெண்டும் டேப்புல தனித்தனிக் கோடா இருக்கு. அடுப்பு மைக்கை மூடிட்டேன். ஊருக்குக் கிளாரினெட் போதும், கரண்டி வேணாம்."

விநோதம் பாருங்கள். ஒரு நிமிடம் முன்வரை குரலை மறைக்க வந்தவள், மறைத்துவிட்டான் என்றதும் கொதித்தாள். அந்தச் சமையலறையே இப்போது இல்லை. ஒரு படம்கூட மிச்சமில்லை. அவள் அங்கே நின்றாள், கிளறினாள், அவனோடு வாழ்ந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பழுப்பு நாடாதான். அதிலிருந்தும் அவளைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கப் போகிறான்.

"திற அதை."

"மாட்டேன்."

"லாமார், நீ திற."

"டேப் பெட்டியும் கூடத்துச் சாவியும் அவர்கிட்டதான் இருக்கு, மிஸ் எர்லீன்" என்று லாமார் தரையைப் பார்த்தான்.

"அவனுக்குக் கொம்பா முளைச்சிருக்கு?"

"கொம்பு இல்லை, தொப்பி" என்றான் அல்சீட், தலையைத் தொட்டுக் காட்டி. "அடுத்த தேர்தல்ல நில்லு. உனக்கு வெர்டி ஓட்டுப் போடுவா."

மத்தியானம் கூடத்தில் அறுபது பேருக்கு இடம். நூற்றைம்பது பேர் வந்தார்கள். மீதிப்பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்ததில் இரண்டு கல்யாணம் நிச்சயமானது. தட்டுகளில் பீன்ஸும் சோறும் போயின. எர்லீன் கடைசி வரிசையில், யாருக்கும் இடம்விடாத அகலத்தில் உட்கார்ந்திருந்தாள். பீன்ஸை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதை யார் பண்ணினது? பாவம், பல்லு இல்லாதவங்களா?" என்று கேட்டாள். பண்ணியது அல்சீட்டின் மகள்.

டேப் சுற்றியது. கிளாரினெட் வந்தது. கூடம் அடங்கியது. தியோஃபீல் வாசித்தால் சுவர்க் கடிகாரம்கூட முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கும். மேலே, இன்னும் மேலே, உச்சி ஸ்வரம் ஒன்றில் போய் நின்றான்.

நின்றவன் நின்றே விட்டான். சத்தமே இல்லை. சூட்கேஸில் புருசு மட்டும் உரசிக்கொண்டிருந்தது. பிறகு சடாரென்று கீழிறங்கி வாசித்தான். இன்னொரு சுற்று. மறுபடி பாதியில் நின்றான். மூன்றாம் சுற்றிலும் அதே.

"என்னப்பா இது, மனுஷனுக்கு மூச்சு வாங்குதா?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"மறந்துட்டான்போல."

"பெரிய வித்வான்னு சொன்னீங்க. வழி தெரியாம முழிக்கறானே."

அல்சீட் உதட்டைச் சுழித்தான். "வீட்டுல வாசிச்சதுதானே. அப்படி இப்படித்தான் இருக்கும்."

தன்னைத் துடைத்ததைக்கூட எர்லீன் பொறுத்திருப்பாளோ என்னவோ. தியோஃபீலுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒருவன் சொல்லி, அதற்குத் தம்பி தலையாட்டியதைப் பொறுக்கவில்லை. நான்காம் சுற்று உச்சிக்குப் போய் நின்ற கணத்தில், கடைசி வரிசையிலிருந்து அவள் குரல் கிளம்பியது.

"மேலே ஏறினா போதுமா? இறங்கறதுக்கு ஏணி யார் உங்கப்பனா கொண்டாருவான்?"

சரியாக அவள் முடித்த இடத்தில் கிளாரினெட் ஏணி இல்லாத குரங்கு மாதிரி தொப்பென்று குதித்து இறங்கியது.

கூடம் திரும்பிப் பார்த்தது. அடுத்த நிறுத்தம்.

"எனக்குக் கேக்காதுன்னு நினைப்பா? பீன்ஸே அழுவுது!"

கிளாரினெட் ஒப்பாரி வைத்து அழுதது. கூடம் வெடித்தது. அந்தச் சிரிப்பில் ஜன்னல் ஒன்று தானே திறந்துகொண்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய வசவு எப்படி ஞாபகம் என்று யாரும் கேட்கவில்லை. வாரா வாரம் அதே இடத்தில் சொன்னதை யார் மறப்பார்கள்? அவன் மறந்து நின்றதில்லை. அவளுக்காக நின்றான். அவள் திட்டுவாள், அவன் பதில் வாசிப்பான்.

"அடுப்பு மைக்கைத் திற!" என்றார் மூச்சு வாங்குதா என்று கேட்டவரே. "திற! திற!" என்று நூற்றைம்பது பேரும் மேசையைத் தட்டினார்கள்.

அல்சீட் எழுந்து மெஷினுக்கு முன்னால் கையை விரித்து நின்றான். "திறக்க முடியாது. அண்ணன் அந்த மைக்கை எதுக்கோ சும்மா வெச்சான். இடம் இல்லாம அங்க மாட்டினான்."

"இல்லை சார்" என்றான் லாமார். காலையில் தரையைப் பார்த்தவன் இப்போது டேப்பின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தான். "இங்க அவர் கையெழுத்துல ஒலி அளவு எழுதியிருக்கு. மேசை மைக் நாலு. அடுப்பு மைக் ஏழு. எல்லாப் பெட்டிலயும் அப்படித்தான். தன்னைவிட அவங்களைத்தான் தூக்கி வெச்சிருக்காரு."

அலமாரியில் அந்த மைக் மசாலாப் புட்டிகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று பதினாறு வருடம் தியோஃபீலோடு சண்டை போட்டவள் எர்லீன்தான்.

லாமார் அல்சீட்டின் கைக்கு அடியில் குனிந்து நுழைந்தான். நாடாவை முதலுக்குச் சுற்றிவிட்டு, குமிழை ஏழுக்குத் திருப்பினான்.

முதலில் கொதிக்கும் பீன்ஸ். கரண்டி சட்டியில் இடித்தது. கிளாரினெட் ஆரம்பிக்கும் முன்பே, முப்பத்தேழு வயது எர்லீனின் குரல் கூடத்தின் நடுவில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றது.

"அல்சீட்! மறுபடி தாளத்துல ஓடறியே! எங்கடா தீப்பிடிச்சிருக்கு? அவன் இன்னும் உதட்டையே வைக்கலை, நீ ரெண்டாவது தெருவைத் தாண்டிட்டே! இந்த மனுஷன் வாரம் பூரா உன்னைத் துரத்திப் பிடிச்சே இளைச்சுப்போறான்!"

கூடத்தில் எழுந்த சிரிப்பில் அல்சீட்டின் மஞ்சள் தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஐம்பது வருடமாக இந்த நகரத்திலேயே தாளம் பிசகாத கை என்று தன்னைப் பற்றித் தானே சொல்லி வந்தவன் அவன். எதற்காக அடுப்பு மைக் மூடப்பட்டது என்று கடைசி மடியில் உட்கார்ந்திருந்தவனுக்கும் புரிந்துவிட்டது.

"நான் ஓடலை!" என்று கத்தினான் அல்சீட். "அண்ணன்தான் பின்னால இழுத்தான்! செத்தவன் பேர்ல பழி வேணாம்னு பார்த்தேன்!"

"புருசு சொல்லுதே, கேளு" என்றாள் எர்லீன். "லாமார், ரெண்டு கோடும் சேர்த்துப் பிரதி எடு. வீட்டுக்கு ஒண்ணு. இவன் வீட்டுக்கு ரெண்டு."

"தலைவர் நான்! என் அனுமதி இல்லாம..."

"கை தூக்குங்க" என்றாள் அவள் கூடத்தைப் பார்த்து. நூற்றைம்பது பேர்; முந்நூறு கைகள் எழுந்தன. அல்சீட்டின் மகள் கரண்டியையும் சேர்த்துத் தூக்கினாள்.

அல்சீட் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

"போறப்பவாவது நிதானமாப் போடா" என்றாள் எர்லீன்.

டேப்பில் தியோஃபீல் நின்றான். அவள் திட்டினாள். அவன் இறங்கி வாசிக்க ஆரம்பிப்பதற்குள் அல்சீட் தெருவில் இருந்தான்.