ஏழாம் எண் ப்ராசஸர்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளைத் தசமம் என்றுதான் கூப்பிட்டார்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண்ணுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பாள். கணினி ப்ராசஸர்கள் ஒரு நொடியில் எத்தனை தசமக் கணக்குகளைப் போடுகின்றன என்று அளந்து ஒப்பிடுவது அவள் வேலை. அறிக்கை எழுதுவது அவள் நாத்தனார். ஒரே அறை, எதிரெதிர் மேசை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே தொகுதியில் வந்த பன்னிரண்டு ப்ராசஸர்களைச் சோதித்தார்கள். குறிப்பிட்ட சமன்பாடுகளைத் தீர்க்க மற்றவை அறுபது நொடி எடுத்துக்கொண்டன. ஏழாம் எண் நாற்பத்தொன்றில் முடித்துவிட்டது.

"நல்லாத்தானே ஓடுது அண்ணி, அதுக்கு ஏன் முகத்தச் சுளிக்கிறீங்க?"

"முழு வேகத்துல, ஒரு துடிப்புகூட வீணாகாம ஓடினாலும் இதுக்கு அம்பது நொடி ஆகணும். நாப்பத்தொண்ணு வர வழியே இல்ல."

கணினியின் கடிகாரம் பொய் சொல்கிறதோ என்று கைக்கடிகாரம் வைத்து அளந்தாள். நாற்பத்தொன்றுதான். விடைகளும் கடைசி தசமம்வரை சரியாக இருந்தன. அடுத்து மின் மீட்டரைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக் கணக்குப் போடவேண்டிய ஏழாம் எண், சும்மா கிடக்கும்போது இழுக்கும் மின்சாரத்தைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. விரல் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"வேலைய வேற யாரோ பாக்கறாங்க, இது பேர் வாங்கிக்குது. நம்ம மேனேஜர் மாதிரியே," என்று நாத்தனார் சிரித்தாள்.

தசமத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலேயே சோதனை முடிந்து, ஒயர் கழற்றி, அலமாரியில் வைத்திருந்த மற்ற பதினொன்றையும் தொட்டாள். ஒவ்வொன்றும் கை வைக்க முடியாதபடி சுட்டது.

அவற்றை ஒரு தட்டில் அடுக்கி, பக்கத்துக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். இப்போது ஏழு தனியாக இருந்தது. பத்து நிமிடம் பிடிக்கும் பெரிய கணக்காகக் கொடுத்துவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள் அசையவில்லை. திரையில் விடைகள் மட்டும் வரிசை வரிசையாக வந்தன.

"அண்ணி, தல சுடுது."

திரும்பினாள். நாத்தனாரின் பேனா கீழே கிடந்தது. கண்கள் சுவரில் நிலைத்திருந்தன. உதடுகள் மட்டும் ஓடின. "சைபர் புள்ளி ஏழு ஒண்ணு நாலு ஒம்போது ரெண்டு..."

தசமம் திரையைப் பார்த்தாள். அந்த எண் அங்கே இல்லை. அடுத்த வரியில் வந்தது. நாத்தனாரின் வாய் திரைக்கு ஒரு வரி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

ஓடிப்போய் மின்கம்பியைப் பிடுங்கினாள். பேச்சு ஓர் எண்ணின் நடுவில் நின்றது. நாத்தனாரின் நெற்றியைத் தொட்டவள் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவ்வளவு சூடு. கைக்குட்டையை நனைத்து ஒற்றி, ஒற்றி, அது தணியக் கால்மணி நேரம் ஆனது.

"என்ன அண்ணி, ஏன் இப்படிப் பாக்கறீங்க? தூங்கிட்டேனா?"

"ஆமா. கொஞ்சம் அசந்துட்ட. வா, வீட்டுக்குப் போலாம்."

அறிக்கையில் ஏழாம் எண்ணுக்கு நேரே 'அளக்கவில்லை' என்று மட்டும் தன் கையாலேயே எழுதினாள். மறுநாள் தயாரிப்பாளரின் விற்பனை மேலாளர் போனில் காரணம் கேட்டார். அவள் பதிலுக்கு, "ஏழாம் எண் மாதிரி வேகமானது உங்ககிட்ட இன்னும் இருக்கா?" என்றாள்.

"அந்த ரகந்தாங்க முதல்ல வித்துப்போச்சு. சூடே ஆகறதில்லன்னு வாங்கினவங்க எல்லாம் சொல்றாங்க."

"அவங்களுக்கெல்லாம் உடம்பு எப்படி இருக்கு?"

"இப்ப எங்க பாத்தாலும் காய்ச்சல்தானே மேடம். எங்க ஆபீஸ்லயே பாதிப் பேர் லீவு."