போகம்பறை மைதானத்தில் அவிழ்ந்த சடை

வடமலையின் தலையில் இன்றைக்கு எண்ணெய் தடவ ஒரு மயிர் இல்லை. ஐம்பது வயதுக்கு முன்பே எல்லாம் கொட்டிப்போய்விட்டது. ஆனாலும் புசல்லாவைக் கடைத்தெருவில் நிற்கும் ஆட்டோ எதிலாவது ரெகே பாட்டுக் கேட்டால், அவனுடைய வலது கை தானாகப் பிடரிக்குப் போகும். அங்கே இல்லாத சடையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறியும்.

"என்னா அண்ணே, கழுத்துப் பிடிச்சிக்கிச்சா?" என்று ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள்.

"ஆமா, மூட்டை தூக்குன கழுத்து" என்று சொல்லிவிட்டு நடப்பான். எண்பத்தைந்தாம் வருசம் இந்த ரோட்டில் அவனுக்கு இருந்த கூந்தல் எந்தப் பொம்பளைக்கும் இருந்ததில்லை என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றி இறக்கும் நாட்டாமி. புசல்லாவையில் முட்டைக்கோவாவும் லீக்ஸும் ஏற்றினால் கண்டியில் இறக்க வேண்டும். சில நாட்களில் திருகோணமலை வரைக்கும் போகும். லொறியை ஓட்டியவன் திகனயைச் சேர்ந்த ஹபீல். ஒரே வயது. வாய் ஓயாதவன். எண்பத்து மூன்று கலவரத்துக்கு முந்திய வருசம் திருகோணமலைப் பாதையில் பழுதாகிப்போன மோட்டார் சைக்கிளோடு நின்ற வெள்ளைக்காரன் ஒருவனை ஹபீல் ஏற்றிக்கொண்டு வந்தான். இறங்கும்போது அவன் கொடுத்துவிட்டுப் போனது ஒரு கசெட். அட்டையில் கயிறு கயிறாகச் சடை தொங்கும் ஒரு கறுத்த ஜமேக்காப் பாட்டுக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒன்ட மாமன் மகனாடா? ஒன்னப்போலவே ஈக்கான்" என்றான் ஹபீல்.

அந்தக் கசெட்டை லொறியில் போட்ட அன்று வடமலைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தாளம் மட்டும் விளங்கியது. மூட்டை சுமப்பவனுக்கு அது புதிதில்லை. பாரம் பிடரியில் ஏறினதும் கால் உடனே விழாது. முழங்கால் கொஞ்சம் மடங்கும், மூச்சு ஒன்று வெளியே போகும், அதற்குப் பிறகுதான் அடி விழும். ஜமேக்காக்காரனின் பாட்டும் அப்படித்தான் விழுந்தது, எதிர்பார்க்கிற இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தில். இவனும் மூட்டை தூக்கியிருப்பானோ என்று வடமலை நினைத்தான். பாஷை விளங்காததும் நல்லதாகத்தான் இருந்தது. விளங்கிய பாஷைகளில் அந்த வருசங்களில் நல்ல செய்தி ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து அவன் முடி வெட்டவில்லை.

எண்பத்து மூன்று ஜூலையில் கம்பளையில் தமிழர் கடைகள் எரிந்தபோது, ஹபீல் அவனைக் கோவா மூட்டைகளுக்கு அடியில் படுக்கவைத்து ஓட்டிக்கொண்டு வந்தான். மூன்று இடத்தில் லொறியை மறித்தார்கள். மூன்று இடத்திலும் ஹபீல் சிங்களத்தில் பகிடி விட்டுத் தப்பினான். வீடு வந்து சேர்ந்த மகனைக் கட்டிப்பிடித்து அழுத அம்மா, அழுகை ஓய்ந்ததும் அவன் தலையைப் பார்த்தாள்.

"ஏன்டாப்பா இந்த முடி? பேய் பிடிச்சவனாட்டம்?"

வாய்க்கு வந்ததை வடமலை சொன்னான். "உசிரோட வீடு வந்தா முடி தாறதா கதிர்காமத்தானுக்கு நேந்துக்கிட்டேம்மா."

பச்சைப் பொய். மூட்டைக்கு அடியில் கிடந்த அவ்வளவு நேரமும் அவன் எந்தச் சாமியையும் நினைக்கவில்லை. மூத்திரம் முட்டியதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அம்மா மறுபேச்சுப் பேசாமல் சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அன்றிலிருந்து யாரும் அவன் முடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. "எப்படா கொண்டுபோய்க் குடுக்கப்போற?" என்று அம்மா கேட்டால், "இன்னும் வேளை வரல" என்பான். முடி இடுப்பைத் தொட்டது. வேலை நேரத்தில் அதைச் சுருட்டிப் பிடரியில் வைத்தால் நல்ல சும்மாடு. மற்ற நாட்டாமிகள் கோணிச்சாக்கை மடித்து வைத்துக்கொண்டு, கழுத்து அரித்துச் சாவார்கள். அவனுக்கு அந்தக் கவலை இல்லை.

எண்பத்தைந்து ஜூன் மாதம். சண்டை நிறுத்தம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மாதம்தான் கண்டி மார்க்கெட் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கொழும்பிலிருந்து 'ரூட்ஸ் பிரதர்ஸ்' என்ற ரெகே குழு வருகிறது. சனிக்கிழமை ஆறு மணிக்கு, போகம்பறை மைதானத்தில். ஹபீல் அதை இரண்டு தரம் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"மச்சான், ஒன்ட மாமன்ட ஆக்கள் வாராங்கடா."

வடமலை நோட்டீஸைக் கையால் தடவிப் பார்த்தான். கசெட்டில் மட்டும் கேட்டதை மனிதர் வாசிக்கக் கண்ணால் பார்ப்பது என்றால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு நினைக்கவே தெரியவில்லை. அந்தக் கிழமை முழுக்க, தன்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையைத் துவைத்துத் துவைத்துக் காயப்போட்டான்.

சனிக்கிழமை கண்டிக்குள் நுழையும் இடத்தில், கெட்டம்பேயில், ஆமிக்காரர்கள் லொறியை மறித்தார்கள். மணி நாலரை இருக்கும்.

"ஐசி?"

ஹபீல் தன் அடையாள அட்டையை நீட்டினான். வடமலையிடம் இருந்தது தோட்டத்துரை கொடுத்த கடிதம் ஒன்றுதான். அப்பன் பெயர் இந்தியாவுக்குப் போகிறவர்கள் லிஸ்டில் ஏறி, அப்பன் போகாமலே செத்துப்போய்விட்டார். மகனுக்கு எந்த நாட்டு அட்டையும் இல்லை. கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த ஆமிக்காரன், வடமலையின் கம்பளித் தொப்பியை இழுத்தான். முடி மளமளவென்று இடுப்பு வரைக்கும் விழுந்தது.

"கொட்டியா!" என்று கத்திக்கொண்டு அவன் முடியைக் கையில் சுற்றிப் பிடித்தான்.

புலி என்று அந்த வார்த்தை விழுந்தால் அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஜீப், பொலிஸ், அதற்குப் பிறகு தகவல் இல்லை. ஹபீல் சிங்களத்தில் ஏதோ பகிடி தொடங்கினான். பாதியிலேயே அவன் குரல் உடைந்துபோனது. கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கோப்ரல் எழுந்து வந்தான். மெலிந்த ஆள், முப்பது வயது இருக்கும், கண்ணில் தூக்கமில்லை.

"என்ன முடி இது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

வடமலையின் நாக்கு பழகிய பொய்யைத் தேடிப் பிடித்தது. மார்க்கெட்டில் கற்ற சிங்களத்தில், கதிர்காம தெய்யோவுக்கு நேர்ந்த முடி சேர், கலவரத்தில் உயிர் தப்பினதற்கு நேர்ந்தது, என்றான்.

முடியைப் பிடித்திருந்தவன், சுட்டுவிட்டதுபோல் கையை விட்டான். விட்ட கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். கோப்ரல் வடமலையின் முகத்தையே பார்த்தான்.

"எப்போ போறாய்?"

"இந்த ஆடித் திருவிழாவுக்கு, சேர்."

கோப்ரல் கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தான். "போ" என்றான்.

மார்க்கெட் வரைக்கும் ஹபீல் வாய் திறக்கவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு தூரம் பேசாமல் ஓட்டியது அன்றைக்குத்தான். மரக்கறியை இறக்கி முடித்த பிறகுதான் சொன்னான்: "ஊட்டுக்குப் போவமாடா?"

"போறதா? ஒரு கெழமையா சட்டைய தொவைச்சிருக்கேன்டா."

மைதானத்தில் சனம் நிறைந்திருந்தது. பல்கலைக்கழக வளாகத்துப் பொடியன்கள், ஹோட்டல்காரர்கள், பறங்கிக் குடும்பங்கள், ஒன்றிரண்டு வெள்ளைக்காரர். ரெகேயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சத்தம் கேட்டு வந்தவர்கள்தான் பாதிப்பேர். கடலை விற்றார்கள். மேடைக்குப் பின்னால் போகம்பறைச் சிறையின் மதில் உயரமாக நின்றது. குழு ஏறியது. பேஸ் கிற்றாரின் முதல் அடி, காதில் விழவில்லை. வடமலையின் நெஞ்செலும்பில் விழுந்தது. கசெட்டில் இது இல்லை. லொறியின் ஓட்டை ஸ்பீக்கர் மூன்று வருசமாகத் தன்னை ஏமாற்றியிருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முழங்கால் மடங்கியது, மூச்சுப் போனது, அடி விழுந்தது. பிடரியில் பாரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பாட்டு முடிந்ததும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தகரத் தட்டுகளைத் தட்டும் சத்தம் கேட்டது. சிறையில் இருந்தவர்கள் இன்னொன்று கேட்கிறார்கள். உள்ளே நம் ஆட்களும் இருப்பார்கள் என்று வடமலை நினைத்தான். மேடையில் பாடியவன் மதிலைத் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினான். அடுத்த பாட்டு அவர்களுக்கும் சேர்த்துத்தான் தொடங்கியது. அதற்குமேல் வடமலையால் சும்மா நிற்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றி ஹபீலின் கையில் திணித்தான். தலையை ஒரு உலுக்கு உலுக்கினான்.

"ஆடுடா என்ட வாப்பா!" என்று ஹபீல் கத்தினான்.

ஆடினான். பக்கத்தில் நின்றவர்கள் விலகி இடம் கொடுத்தார்கள். சடை சுழன்று முதுகில் அடித்தது. ஒரு பறங்கிப் பெட்டை கை தட்டினாள். பாடகன் மேடையிலிருந்து அவனை நோக்கி விரல் நீட்டிச் சிரித்தான். பிறந்த நாளிலிருந்து வடமலையைப் பார்த்து யாரும் அப்படி விரல் நீட்டியதில்லை. நீட்டிய விரல்கள் எல்லாம் வேலை சொன்ன விரல்கள்.

பாட்டு முடியும் இடத்தில், வேலி ஓரமாக அந்தக் கோப்ரல் நிற்பதைக் கண்டான்.

துப்பாக்கி தோளில். மைதானக் காவலுக்கு மாற்றியிருக்கிறார்கள் போல. நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வடமலையின் கால் நின்றுவிட்டது. சாமிக்கு நேர்ந்த முடி கண்டவன் பாட்டுக்கு ஆடுகிறது. ஓட முடியாது, ஓடினால் சுடுவார்கள். கோப்ரல் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஹபீல் தொப்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றான்.

"ஏன் நிறுத்தினாய், மல்லி?" என்றான் கோப்ரல். மல்லி என்றால் தம்பி. "கதிர்காமத்தில காவடிக்கு நாங்களும் இப்படித்தான் ஆடுவோம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தான். காயம் கட்டுகிற பண்டேஜ் துணியைக் கிழித்து, ஒரு நாணயத்தை வைத்து முடிந்திருந்தது. தெய்யோவுக்கு நேர்ந்து முடியும் முடிச்சு. சிங்களவர்கள் வீட்டிலும் தமிழர்கள் வீட்டிலும் அது ஒன்றுதான்.

"நாளை மறுநாள் எங்களை வவுனியாவுக்கு அனுப்புறாங்க. லீவு இல்ல. நேர்ந்து கட்டச் சொன்னது அம்மா. நீ போகும்போது போட்டுவிடு. ஹேவாஹெட்ட ஜினதாச என்று பேர் சொல்லு."

வடமலை இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். கோப்ரல் திரும்பி வேலிக்குப் போனான். அவன் நம்பித்தான் கொடுத்தானா, பொய் என்று தெரிந்தும் வேறு ஆள் கிடைக்காமல் கொடுத்தானா என்பது வடமலைக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு ஒன்பது மணி வரைக்கும் பாடினார்கள். அவன் ஆடினான்தான். ஆனால் ஒரு கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் பேராதனைப் பாலத்தில் ஹபீல் வேகத்தைக் குறைத்தான். "எறிடா கங்கையில."

"எதை?"

"ஆமிக்காரன்ட முடிச்ச. நீ சென்னதே பொய். அத நம்பி அவன் தந்தான். ஒனக்கென்ன? டிசம்பர்ல நத்தாருக்கு அவங்க திரும்ப வாராங்களாம், மேடையில சென்னாங்க. மொட்டத் தலையோட போய் ஆடப்போறியா?"

வடமலை வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மகாவலி இருட்டில் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மூன்று வருச முடி. அதைத் தவிர அவன் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது வேறொன்றும் இல்லை.

"பேரு சொல்லிட்டான்டா" என்றான் கடைசியில்.

"சென்னா?"

"பேரு சொல்லாம குடுத்திருந்தா எறிஞ்சிருப்பேன். ஹேவாஹெட்ட ஜினதாச. இனி எப்பிடி எறியிறது?"

ஹபீல் கியரை மாற்றினான். "ஒன்ட தலை, ஒன்ட இஷ்டம்" என்றான்.

ஆகஸ்டில் தோட்டத்து ஆட்களோடு வடமலை பஸ் ஏறினான். அம்மாவும் வந்தாள், வழி முழுக்க அரோகரா சொல்லிக்கொண்டே வந்தாள். மாணிக்க கங்கைக் கரையில் முடி இறக்குகிறவன், அந்தக் கூந்தலைக் கையில் நிறுத்துப் பார்த்து "சவுரிக்கு நல்லாயிருக்கும்" என்றான். கத்தி பிடரியில் பட்டதும் வடமலைக்கு உள்ளே அந்த பேஸ் சத்தம் தொடங்கிவிட்டது.

"தலைய ஆட்டாதய்யா, காது போயிரும்!"

குளித்துவிட்டுப் போய்ச் சந்நிதியில் முடிச்சைப் போட்டான். ஹேவாஹெட்ட ஜினதாச என்று சத்தமாகவே சொன்னான். தன் பெயரைச் சொல்ல மறந்துபோனான். வெளியே வந்த பிறகுதான் அது தெரிந்தது, திரும்பிப் போகவில்லை.

நத்தாருக்கு அந்தக் குழு வரவில்லை. அடுத்த வருசமும் இல்லை. பிறகு சிங்களப் பொடியன்களின் கிளர்ச்சி வந்த வருசங்களில் ஆறு மணிக்கே கண்டியில் கடை மூடினார்கள். ரோட்டோரத்தில் டயர் எரிந்தது. பாட்டுக் கேட்க யார் வீதிக்கு வந்தார்கள்? ஜினதாச வவுனியாவிலிருந்து திரும்பினானா என்று கேட்க ஹேவாஹெட்டயில் வடமலைக்கு ஆளில்லை. ஒரு தரம் கிழங்கு ஏற்ற அந்த ஊருக்குப் போனான். விசாரிக்க வாய் வரவில்லை. விசாரித்து, திரும்பி வரவில்லை என்று சொல்லிவிட்டால்?

அந்த ஆகஸ்டில் கதிர்காமத்திலிருந்து வந்த மறுநாள் திங்கட்கிழமை. மார்க்கெட்டில் முதல் மூட்டைக்குக் குனிந்தபோது பிடரி வெறுமையாக இருந்தது. மற்ற நாட்டாமிகள் மொட்டையைத் தட்டிப் பார்த்தார்கள். "கோவா ஒண்ணு கூடிருச்சு, அதையும் நிறுங்கப்பா" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கோணி உரசிய இடம் பத்து நடைக்குள் சிவந்து எரிந்தது. ஹபீல் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோளில் கிடந்த தன் துவாயை எடுத்து, நாலாக மடித்து, வடமலையின் கழுத்தில் வைத்து அமுக்கினான்.

"புதுத் துவாய்டா. நாசமாக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்க் கசெட்டைப் போட்டான்.